கணக்கில் இடித்த மூன்று கெல்வின்

அறிவியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் செயற்கைக்கோள் தொடர்பின் தொடக்க காலத்தைப் பற்றி எழுதியபோது, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆன்டெனாதான் பிரபஞ்சப் பிறப்பின் சான்றைப் பிடித்துக் கொடுத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே அதிகம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

தொலைபேசி நிறுவனத்துக்கு வானத்தில் என்ன வேலை? ஆன்டெனாவை வழக்கமான குடை வடிவில் செய்யாமல் மாட்டுக்கொம்பு போல ஏன் கட்டினார்கள்?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், திருநெல்வேலி

உங்கள் துறைக்காரர்களின் வேலைதான் ஐயா அது. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் தொலைபேசிக் கேபிளில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 36 பேச்சுகளுக்குத்தான் இடம் இருந்தது. மற்றொரு வழியான சிற்றலை வானொலி, வானிலையும் சூரியனும் இடம்கொடுத்தால் மட்டுமே ஒழுங்காகக் கேட்கும். எனவே அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவான பெல் ஆய்வுக்கூடம் வானத்தை நாடியது. 1960 ஆகஸ்ட் 12 அன்று நாசா ஏவிய எக்கோ என்ற செயற்கைக்கோள், உண்மையில் 30 மீட்டர் விட்டமுள்ள ஒரு பலூன். மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அலுமினியம் பூசப்பட்ட அந்தப் பலூன் 1600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்தது. அதில் அலைகளை வாங்குவதற்கோ பெருக்குவதற்கோ எந்தக் கருவியும் கிடையாது. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து அனுப்பப்படும் ரேடியோ அலை அந்தப் பளபளப்பில் பட்டுச் சிதறும். சிதறியதில் துளியிலும் துளியாக நியூஜெர்சிக்கு வந்து சேர்வதைப் பிடிக்க வேண்டும். முதன்முதலில் அப்படி வந்து சேர்ந்தது, பதிவுசெய்து வைத்திருந்த குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் குரல்.

அந்தத் துளியைப் பிடிப்பதற்காகவே நியூஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல் ஊரில், கிராஃபோர்டு ஹில் என்ற சிறு குன்றின்மேல் 1959இல் இந்தக் கொம்பு ஆன்டெனாவைக் கட்டினார்கள். நீளம் 15 மீட்டர். வாயின் அளவு ஆறுக்கு ஆறு மீட்டர். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த உடல். எடை ஏறக்குறைய 18 டன். கொம்பின் ஒடுங்கிய முனை ஒரு சிறிய அறைக்குள் நுழையும். கொம்பு தன் அச்சிலேயே உருண்டு வானத்தின் எந்த உயரத்தையும் பார்க்கும். ஆனால் அறை சாயாது. இதனால் அலைவாங்கிக் கருவிகளைத் தரையில் வைத்திருப்பது போலவே வைத்துக்கொண்டு, அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. இந்த வடிவத்தை அதே ஆய்வுக்கூடத்தினர் 1940களின் தொடக்கத்திலேயே வகுத்திருந்தார்கள். தொலைபேசி நுண்ணலைக் கோபுரங்களிலும் இதைப் பயன்படுத்திவந்தார்கள்.

கொம்பு வடிவம் ஏன் என்பதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி. மற்ற எல்லாப் பதில்களும் இதைச் சார்ந்தே நிற்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடை வடிவ ஆன்டெனாவில், குவிமையத்தில் தொங்கும் அலைவாங்கி குடையை மட்டும் பார்ப்பதில்லை. குடையின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் இருக்கும் தரையையும் கொஞ்சம் பார்த்துவிடுகிறது. தரை ஏறக்குறைய 290 கெல்வின், அதாவது 17 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கிறது. இளஞ்சூடான எந்தப் பொருளும் ரேடியோ அலைகளை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தரை உமிழ்வில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே கசிந்தாலும் ஆன்டெனாவில் ஏறக்குறைய 3 கெல்வின் இரைச்சல் சேர்ந்துவிடும். கொம்பிலோ நான்கு பக்கமும் உலோகச் சுவர் மறைத்து நிற்பதால், முன்னால் இருக்கும் வானத்தைத் தவிர மற்றவை ஏறத்தாழ உள்ளே வருவதேயில்லை. இந்த 3 கெல்வின் என்ற எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலை எப்படிக் கெல்வினில் அளக்கிறார்கள்? சத்தத்துக்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?
– இயற்பியல் மாணவி, காரைக்குடி

ஒரு மின்தடையைச் சும்மா மேசைமேல் வைத்தாலும் அதிலுள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருக்கும். அந்த அலைச்சலே அதன் முனைகளில் ஒழுங்கற்ற சிறு மின்னழுத்தமாக வெளிப்படும். அதன் திறன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1928இல் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் காட்டினார்கள். இருவரும் அதே தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே ஓர் ஆன்டெனாவிலிருந்து வரும் இரைச்சல் எத்தனை கெல்வினில் இருக்கும் மின்தடையின் இரைச்சலுக்குச் சமமோ, அதையே பொறியாளர்கள் அந்த ஆன்டெனாவின் வெப்பநிலை என்கிறார்கள். ஆன்டெனாவைத் தொட்டுப் பார்க்கும் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி 1964ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். எக்கோவுக்குப் பிறகு வந்த டெல்ஸ்டார் செயற்கைக்கோளுக்கு ஐரோப்பிய நிலையங்கள் உரிய காலத்தில் தயாராகாமல் போனால் உதவட்டும் என்று, இந்தக் கொம்பில் 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கான அலைவாங்கியைப் பொருத்தியிருந்தார்கள். ஐரோப்பியர்கள் நேரத்தில் தயாராகிவிட்டார்கள். கொம்புக்கு வேலையில்லாமல் போனது. அப்போதுதான் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு இளம் வானியலாளர்களின் கைக்கு அது வந்தது. நம் பால்வீதியைச் சுற்றிப் பரந்திருக்கக்கூடிய மங்கலான ரேடியோ ஒளிவட்டத்தை 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அளப்பதே வில்சனின் நோக்கம். ஏழு சென்டிமீட்டரில் பால்வீதியின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதால், கருவி சரியாக இருக்கிறதா என்று முதலில் அங்கே சோதித்துக்கொள்ள நினைத்தார்கள். தராசில் எடை போடுமுன் வெறும் தட்டு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்போமே, அது போன்ற சோதனைதான் இது.

அந்தச் சோதனைக்காகப் பென்சியாஸ் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்த ஓர் ஒப்பீட்டுக் கருவியைச் செய்தார். அது தரும் இரைச்சல் ஏறக்குறைய 5 கெல்வின் என்பது துல்லியமாகத் தெரியும். ஒரு சாவியைத் திருப்பினால் அலைவாங்கி ஹீலியத்தைப் பார்க்கும். மறுபடி திருப்பினால் வானத்தைப் பார்க்கும். எதிர்பார்ப்பின்படி வானம்தான் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஹீலியத்தைவிட வானமே சூடாக இருந்தது. உச்சிவானத்தை நோக்கியபோது ஆன்டெனாவின் வெப்பநிலை 6.7 கெல்வின். இதில் காற்றுமண்டலத்தின் பங்கு 2.3 கெல்வின், ஆன்டெனாவின் உலோக இழப்பும் பின்புறத் தரையும் சேர்ந்து 0.9 கெல்வின். மீதி 3.5 கெல்வினுக்குக் கணக்கு இல்லை. பிழை வரம்பு ஒரு கெல்வின்தான். ஆகவே தள்ளிவிடவும் முடியாது.

புறா எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ஷ்டத்தால் நோபல் பரிசு கிடைத்தது என்று படித்தேன். அப்படியானால் அது வெறும் தற்செயல்தானா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது அம்மா. புறாக்கதை உண்மைதான். கொம்பின் ஒடுங்கிய முனை அறைக்குள் நுழையும் இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே ஒரு ஜோடிப் புறா குடியேறி, உட்புறத்தை வெள்ளையாக்கி வைத்திருந்தது. கூண்டு வைத்துப் பிடித்து, நிறுவனத்தின் உள் அஞ்சல் வண்டியில் விப்பனி என்ற ஊரிலுள்ள மற்றொரு கிளைக்கு அனுப்பினார்கள். அங்கே திறந்துவிட்டதும் இரண்டும் சில நாட்களில் கொம்புக்கே திரும்பிவிட்டன. கடைசியில் அவற்றைச் சுட வேண்டியதாயிற்று. அந்தக் கூண்டு இன்றும் வாஷிங்டனிலுள்ள தேசிய வான்–விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் எச்சத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகும் இரைச்சல் மிகச் சிறிதளவே குறைந்தது. அதாவது, புறா இந்தக் கதையில் விலக்கப்பட்ட பல சந்தேகங்களில் ஒன்று, அவ்வளவே.

மற்றச் சந்தேகங்களையும் பாருங்கள். வானில் தெரியும் திசையைப் பொறுத்து இரைச்சல் மாறுகிறதா என்று பார்த்தார்கள், மாறவில்லை. கொம்பை நியூயார்க் நகரத்தை நோக்கித் திருப்பினார்கள். அந்தப் பெருநகரத்தின் ரேடியோ சந்தடியும் இதற்குக் காரணமாகவில்லை. சூரியக் குடும்பத்திலிருந்து வந்தால், பூமி சூரியனைச் சுற்றச் சுற்ற மாதத்துக்கு மாதம் மாற வேண்டும், மாறவில்லை. 1962இல் மிக உயரத்தில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனையின் துகள்கள் காரணமாக இருந்தால் ஓராண்டில் தேய்ந்திருக்க வேண்டும், தேயவில்லை. ரிவெட் அடித்த இணைப்புகளில் இழப்பு இருக்குமோ என்று, தகடுகள் சேரும் கோடுகளின்மேல் அலுமினிய நாடாவை ஒட்டினார்கள். ஆறு மீட்டர் அகல வாய்க்குள் இறங்கி, ஒவ்வோர் இணைப்பாகத் தடவித் தடவி நாடா ஒட்டிய அந்த இருவரையும் நினைத்துப் பாருங்கள். அதனாலும் மிகச் சிறிதளவே குறைந்தது.

குடை வடிவ ஆன்டெனாவை வைத்திருந்த எவருக்கும் இந்த 3 கெல்வின் கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் தரையிலிருந்து கசிந்தது என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பலூனில் பட்டு வரும் குரலுக்காகத் தரையின் கசிவை அடைத்த கொம்பு. திரவ ஹீலியத்தில் குளிர்வித்த மாணிக்கக்கல் மேசர் என்ற மிகக் குறைந்த இரைச்சலுள்ள பெருக்கி. அளவை ஒப்பிட நம்பகமான ஹீலியக் கருவி. இவை மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது ஹோம்டெலில்தான். இவை சேர்ந்தது தற்செயல் என்றால் ஒப்புக்கொள்வேன். கணக்கு இடிக்கிறது என்று தெரிந்த பிறகு ஏறக்குறைய ஓராண்டு அதை விடாமல் துரத்தியது தற்செயல் ஆகாது.

விடை வந்தது தொலைபேசி வழியாக. அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடி-யின் வானியலாளர் பெர்னார்ட் பர்க்குடன் வேறு ஏதோ விஷயமாகப் பேசியபோது பென்சியாஸ் இந்த இரைச்சலைக் குறிப்பிட்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் பீபிள்ஸ் என்பவர், பிரபஞ்சம் சூடான நெருக்கத்திலிருந்து விரிந்திருந்தால் இன்றும் சில கெல்வின் கதிர்வீச்சு எங்கும் நிறைந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருப்பதைப் பர்க் சொன்னார். பிரின்ஸ்டனோ ஹோம்டெலிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே ராபர்ட் டிக்கியின் குழுவில் ரோலும் வில்கின்சனும் அதே கதிர்வீச்சைத் தேடத் தாங்களே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பென்சியாஸின் அழைப்பை வைத்த கணமே, தங்களை முந்திவிட்டார்கள் என்பது டிக்கிக்குப் புரிந்துவிட்டது. 1965 ஜூலையில் இரு தரப்பின் கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன. பென்சியாஸும் வில்சனும் எழுதிய மிகச் சிறிய கட்டுரையின் தலைப்பில் பிரபஞ்சம் என்ற சொல்லே இல்லை. 4080 மெகாசைக்கிளில் (இன்றைய மெகாஹெர்ட்ஸ்) ஆன்டெனா வெப்பநிலையில் காணப்படும் மிகுதி என்றுதான் இருந்தது. அளந்ததை மட்டும் சொன்ன அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது, பீபிள்ஸுக்கு 2019இல்.

அவர்களுக்கு முன்னால் யாருமே இதைக் கவனிக்கவில்லையா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கவனித்தார்கள். அதே கொம்பில், அதே எக்கோ திட்டத்துக்காக, எட்வர்ட் ஓம் என்ற பொறியாளர் எடுத்த அளவு 1961இல் வெளிவந்தது. ஒவ்வோர் உறுப்பின் இரைச்சலையும் தனித்தனியே கூட்டினால் 18.9 கெல்வின், அளந்தது 22.2 கெல்வின். இடிப்பது 3.3 கெல்வின்! ஆனால் அவருடைய பிழை வரம்பே 3 கெல்வின் இருந்ததால், வித்தியாசம் அதற்குள் அடங்கிப்போனது. ஓம் செய்ததில் தவறில்லை; அவர் காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஹீலியக் கருவி இல்லை.

அதற்கும் முன்னால், 1941இல், கனடாவின் ஆண்ட்ரூ மெக்கெல்லர் விண்மீன்களுக்கு இடையிலுள்ள சயனோஜன் மூலக்கூறுகள் ஏறக்குறைய 2.3 கெல்வினில் இருப்பதை ஒளிநிறமாலையிலிருந்து கண்டார். அதன் பொருள் அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1948இல் ஆல்ஃபரும் ஹெர்மனும் பிரபஞ்சத்தின் இன்றைய வெப்பநிலை ஏறக்குறைய 5 கெல்வின் இருக்கும் என்று எழுதினார்கள். அதை அளக்கலாம் என்று ரேடியோக்காரர்கள் யாரும் கிளம்பவில்லை. 1964இல் சோவியத் இயற்பியலாளர்கள் டோரோஷ்கெவிச்சும் நோவிகோவும், இதைக் கண்டுபிடிக்க உலகிலேயே பொருத்தமான கருவி இந்த ஹோம்டெல் கொம்புதான் என்று சரியாக எழுதினார்கள். ஆனால் ஓமின் கட்டுரையில் வானத்தின் பங்கு என்று குறித்திருந்த எண்ணைப் பிழையாகப் புரிந்துகொண்டு, அப்படி ஒரு கதிர்வீச்சு இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அறிவியல் வரலாற்றில் என்னை மிகவும் வாட்டும் இடங்களில் இது ஒன்று.

அந்தக் காலத்துப் பெரிய செயற்கைக்கோள் ஆன்டெனாக்கள் இப்போது என்ன ஆயின?
– பொறியாளர், கோயம்புத்தூர்

ஹோம்டெல் கொம்பு 1989இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அண்மையில் அந்த நிலம் கைமாறியபோது அங்கே கட்டடங்கள் எழும்பிவிடுமோ என்று ஊர்மக்கள் அஞ்சிப் போராடினார்கள். கடைசியில் ஊராட்சியே இடத்தை வாங்கிப் பூங்காவாக்க முன்வந்தது. டெல்ஸ்டாருக்காக மெய்ன் மாநிலத்தின் ஆண்டோவரில் கட்டிய 54 மீட்டர் நீளமுள்ள மாபெரும் கொம்பு இன்று இல்லை. அதன் இரட்டைப் பிறவி பிரான்சின் ப்ளுமர்–போடூவில் தன் வெள்ளைக் கூடாரத்துக்குள் பாதுகாக்கப்படுகிறது.

மற்றவற்றின் கதை எனக்கு உற்சாகம் தருவது. 1988இல் அட்லாண்டிக்கில் முதல் ஒளியிழைக் கேபிள் வந்த பிறகு, 30 மீட்டர் அளவிலான தரைநிலையக் குடைகளுக்கு உலகெங்கும் வேலை குறைந்தது. ஆஸ்திரேலியாவின் செடூனாவில் இருந்த 30 மீட்டர் குடை 1990களின் நடுவில் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்திடம் போய்ச் சேர்ந்தது. நியூசிலாந்தின் வார்க்வொர்த் குடை 2010இல் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. கானா நாட்டின் குன்டுன்ஸேயில் இருந்த 32 மீட்டர் குடை தென்னாப்பிரிக்காவின் துணையோடு 2017இல் ரேடியோ தொலைநோக்கியாகத் திறக்கப்பட்டது. இதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. தொலைபேசிக்காரர்கள் செயற்கைக்கோளுக்கு அனுப்பப் பயன்படுத்திய அலைவரிசை 6 கிகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பெரிய விண்மீன்கள் பிறக்கும் முகில்களில் மெத்தனால் மூலக்கூறுகள் ரேடியோ அலையில் பளிச்சென்று ஒலிப்பது 6.7 கிகாஹெர்ட்ஸில். இந்த மெத்தனால் ஒலிப்பு 1991இல்தான் தெரியவந்தது. குடைகளோ அதற்கு முன்பே அந்த அலைநீளத்துக்கு ஏற்ற வழவழப்போடு நின்றுகொண்டிருந்தன. கானாவின் குடை முதலில் கேட்டவற்றுள் அந்த மெத்தனாலும் ஒன்று.

எங்கள் வீட்டு மாடியில் பழைய டிடிஎச் குடை சும்மா கிடக்கிறது. அதை வைத்து நானும் என் மகனும் இந்தக் கதிர்வீச்சைப் பிடிக்க முடியுமா?
– வாசகி, மதுரை

கதிர்வீச்சைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் அதற்கு முந்தைய படிகள் வரை நீங்கள் இருவரும் போகலாம், அதுவே மிக நல்ல பாடம். டிஷ் பொருத்துபவர்கள் சிக்னல் தேட வைத்திருக்கும் சிறிய முள் மீட்டர் ஒன்றை வாங்கி, குடையின் எல்என்பி-க்கும் (குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலைவாங்கி) மின்வழங்கிக்கும் இடையில் இணையுங்கள். செயற்கைக்கோள்கள் வரிசையாக நிற்கும் பாதையை விட்டு விலகி, வெற்று வானத்தை நோக்கிக் குடையைத் திருப்பி, முள் கீழே நிற்கும்படி திருகைச் சரிசெய்யுங்கள். இப்போது அதைப் பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கித் திருப்பினால் முள் ஏறும், மீட்டர் சத்தமிட்டுக் கத்தும். சுவர் 300 கெல்வினில் இருந்துகொண்டு ரேடியோ அலையை உமிழ்வதைத்தான் அது சொல்கிறது. குடைக்கு முன்னால் மகனை நிற்கச் சொல்லுங்கள். அவன் உடம்பின் சூட்டுக்கும் முள் ஏறும். சூரியனை நோக்கித் திருப்பினாலும் ஏறும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள் பகலில் சில நிமிடங்கள் டிடிஎச் படம் தடுமாறுவதன் காரணம் இதுதான். அந்த நேரத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது.

வெற்று வானத்தைப் பார்க்கும்போது முள் கீழே நிற்கிறதே, அந்த நிலையிலும் இன்று 2.725 கெல்வின் என்று துல்லியமாக அறியப்பட்டிருக்கும் அந்தப் பழைய கதிர்வீச்சு உங்கள் குடைக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எல்என்பி தானே உண்டாக்கும் இரைச்சல் அதைப் போலப் பல மடங்கு. விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும் மொட்டைமாடித் தளத்தின் சூடு வேறு சேர்ந்துகொள்கிறது. திருநெல்வேலிக்காரருக்குச் சொன்ன அந்த நூற்றில் ஒரு பங்குக் கசிவு உங்கள் மாடியிலும் அப்படியே நடக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன்: குடையை உச்சிவானத்துக்கு நிமிர்த்தி ஒரு தடவையும், அடிவானத்தை நோக்கிச் சாய்த்து ஒரு தடவையும் முள்ளைக் குறித்து வையுங்கள். சாய்க்கச் சாய்க்க முள் ஏறும். அந்த ஏற்றத்தில் எவ்வளவு காற்றுமண்டலம், எவ்வளவு உங்கள் மாடித் தளம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று மகனோடு உட்கார்ந்து முயன்று பாருங்கள். குறித்த எண்களை எனக்கு எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.